பட்டாவும் அடங்கலும் பயிர் உதவித் தொகையும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது நம் நாட்டுப் பழமொழி. உழவுத் தொழிலில் வரவும் செலவும் எளிதில் கட்டிவருவதில்லை என்னும் பொருளில் முன்னோர் அதனைச் சொல்லி வைத்தனர். இக்காலத்தில் அப்பழமொழியோடு மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கணக்குப் பார்க்காத உழவனுக்கு, அவனுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய உழக்கும் வந்து சேருவதில்லை. நிலத்தின் கணக்கு, பயிரின் கணக்கு, வங்கியின் கணக்கு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் குடியானவருக்கே உதவித் தொகை தவறாமல் கிட்டுகிறது. அவற்றுள் ஒன்று பிசகினாலும், வயலில் எவ்வளவு பாடுபட்டிருந்தாலும், தொகை இடைவழியில் நின்றுவிடுகிறது. அல்லது வேறொருவர் கணக்கில் போய்ச் சேருகிறது.

சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த நாட்டரசன்கோட்டையையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் மனத்தில் கொண்டு, சாகுபடிக்கென அரசாங்கம் வழங்கும் பணம் எந்தெந்த வழியாகக் குடியானவரை அடைகிறது, எங்கெங்கே தடைப்படுகிறது, அத்தடைகளை நீக்க ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியது யாது என்பவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம். இங்குச் சொல்லப்படுவன தமிழ்நாட்டின் மற்ற மானாவாரிப் பகுதிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வானம் பார்த்த பூமி

நாட்டரசன்கோட்டை என்றவுடன் கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலும், கம்பர் நினைவிடமும், நகரத்தார் எழுப்பிய பெரிய இல்லங்களும் பலருக்கு நினைவில் எழும். ஊரின் எல்லையைத் தாண்டிச் சென்றால் காண்பவை கண்மாய்களும், அவற்றின் கீழுள்ள வயல்களும், மேட்டுப் புன்செய்களுமேயாம். வைகையின் நீரும் பெரியாற்றின் நீரும் சிவகங்கை மாவட்டத்தின் சில பகுதிகளுக்கே எட்டுகின்றன. எஞ்சிய பகுதிகளில் கண்மாய் பெருகுவதும் வறள்வதும் வடகிழக்குப் பருவமழையின் கையில் இருக்கின்றன.

புரட்டாசியிலும் ஐப்பசியிலும் விதைத்து, கார்த்திகை மழையில் பயிரைத் தேற்றி, தை மாதத்தில் அறுப்பது இப்பகுதியின் வழக்கம். ஆண்டுக்கு ஒரு போகமே கிடைக்கும் இடங்கள் பல. மழை ஒரு மாதம் பின்வாங்கினால் விதைப்புப் பொய்க்கிறது. கதிர் பிடிக்கும் பருவத்தில் கண்மாயில் நீர் இல்லாமற்போனால் அதுவரை செய்த செலவு முழுவதும் மண்ணோடு போகிறது. அடுத்த ஆண்டுக்கு விதை வாங்கவும் உழவுக்கூலி கொடுக்கவும் கையில் பணம் இருக்குமா, கடன் வாங்க நேருமா என்பது அந்த ஒரு போகத்தைப் பொறுத்தது. ஆகவே, அரசாங்கத்தின் உதவித் தொகை இங்குள்ள சிறு குடியானவருக்கு மேல்வரும்படியன்று. அடுத்த விதைப்பு நடைபெறுமா என்பதைத் தீர்மானிக்கும் முதல் ஆகும்.

பணம் வரும் மூன்று வழிகள்

இவ்வுதவிகள் பலவாகத் தோன்றினும், ரொக்கமாகக் குடியானவரின் வங்கிக் கணக்குக்கு வருபவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் விளங்கிக்கொள்வது எளிது. முதலாவது, நிலத்தின் பெயரால் வருவது. இரண்டாவது, பயிரின் பெயரால் வருவது. மூன்றாவது, பேரிடரின் பெயரால் வருவது. ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான ஆவணம் வேறு. முதலாவதற்குப் பட்டா, இரண்டாவதற்கு அடங்கலும் காப்பீட்டுப் பதிவும், மூன்றாவதற்கு அதிகாரிகள் வயலில் எடுக்கும் சேதக் கணக்கு. இவ்வேறுபாட்டை அறியாமையால், ஒன்றுக்குரிய தாளை மற்றொன்றுக்குக் கொண்டுசென்று அலைவோர் பலர்.

நிலத்தின் பெயரால்

பிரதமரின் விவசாயிகள் கௌரவ நிதித் திட்டம் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. இதன்படி ஒரு குடியானவக் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதங்களுக்கு ஒருமுறை 2,000 ரூபாயாக மூன்று தவணைகளில் மத்திய அரசாங்கத்தால் நேரே வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. முதலில் 2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் வரை நிலமுடையோருக்கு மட்டுமே இது அளிக்கப்பட்டது. 2019 ஜூன் முதல் நிலத்தின் அளவு குறித்த வரம்பு நீக்கப்பட்டது.

குடும்பம் என்பது கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் ஆகியோரைக் குறிக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு தொகையே உண்டு. கூட்டுப் பட்டாவாக இருப்பின், அதில் பங்குடைய ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே உரிமை பெறும். வருமான வரி செலுத்துவோர், கடைநிலை ஊழியர் நீங்கலான அரசாங்க ஊழியர், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் பெறுவோர், தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் முதலியோர், கோயில் போன்ற நிறுவனங்கள் ஆகியன விலக்கப்பட்டுள்ளன.

இத்திட்டத்தில் 2019 பிப்ரவரி 1-ஆம் நாளன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பது அளவுகோலாக வைக்கப்பட்டது. அதற்குப் பின் விலைக்கு வாங்கியவர்கள் உரிமை பெறவில்லை. உரிமையாளர் இறந்ததால் வாரிசுகளுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. பின்னர் ஆதார் எண்ணை வங்கிக் கணக்குடன் இணைத்தலும், மின்னணு முறையில் அடையாளத்தைச் சரிபார்த்தலும், நில ஆவணத்தை விண்ணப்பத்துடன் இணைத்தலும் கட்டாயமாக்கப்பட்டன. 2025-ஆம் ஆண்டு முதல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் பதிவும் தமிழ்நாட்டு ஊர்களில் நடைபெற்று வந்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை பட்டாவில் உள்ள பெயரே என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பாட்டனார் பெயரில் பட்டா

இங்குத்தான் முதல் தடை எழுகிறது. சிவகங்கைச் சீமை நெடுங்காலம் ஜமீனாக இருந்தது. 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே ஜமீன் நிலங்களில் குடியானவர் அரசாங்கத்திடமிருந்து நேராக ரயத்துவாரிப் பட்டா பெறும் நிலை வந்தது. அன்று பட்டா பெற்றவர்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இன்று அந்நிலங்களை உழுகின்றனர். நிலம் வாய்மொழியாகப் பாகம் பிரிக்கப்பட்டு, வரப்பும் போடப்பட்டு, ஆளுக்கொரு வயலாக அனுபவத்தில் இருக்கும். ஆனால் கணக்கில் மறைந்த பாட்டனாரே உயிரோடு இருப்பார்.

செட்டிநாட்டின் பிற ஊர்களைப் போலவே இப்பகுதியிலிருந்தும் பிழைப்பின் பொருட்டு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்றோர் பலர். நான்கு சகோதரர்களில் ஒருவர் ஊரில் உழவு செய்ய, மூவர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தால், எல்லோர் கையெழுத்தையும் பெற்றுப் பட்டா மாற்றுவது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. பங்காளிகளிடையே மனத்தாங்கல் இருந்தால் அது நின்றே போகிறது. ஊரில் இருந்து நிலத்தைக் காப்பவரே இதனால் இழப்பவர் ஆகிறார்.

பட்டா மாற்றம் இப்போது முன்போல் அலைச்சல் மிக்கதன்று. உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழையும், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழையும், பாகப்பிரிவினை செய்திருந்தால் அப்பத்திரத்தையும் கொண்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். நிலத்தை உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நில அளவர் வந்து அளந்த பின்னரே உத்தரவு கிடைக்கும். உட்பிரிவு தேவையில்லையெனில் காலம் குறையும். பாகம் உடனே பிரிக்க இயலாத குடும்பங்கள் முதலில் வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாவது பெற்றுக்கொள்வது நலம்.

பயிரின் பெயரால்

இரண்டாவது வழி பயிர்க் காப்பீடு. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அது கடன் பெற்ற குடியானவருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. 1999-இல் வந்த தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டம் கடன் பெறாதோரையும் சேர்த்துக்கொண்டது. 2016-ஆம் ஆண்டு முதல் பிரதம மந்திரியின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடைபெறுகிறது. 2020 முதல் கடன் பெற்றோருக்கும் இது கட்டாயமன்று. அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது.

காப்பீட்டில் மானியம் எங்கே இருக்கிறது என்று சிலர் வினவுவதுண்டு. நெல்லுக்குப் பருவத்துக்கு ஏற்பக் காப்பீட்டுத் தொகையில் 2 அல்லது 1.5 சதவீதத்தைக் குடியானவர் செலுத்தினால் போதும். உண்மையான பிரீமியம் அதனினும் பல மடங்காக இருக்கலாம். எஞ்சியதை மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கமும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் செலுத்துகின்றன. 2020 வரை இவ்விரண்டும் சரிபாதியாக ஏற்றன. அதன்பின் மத்திய அரசாங்கம் தன் பங்குக்கு உச்சவரம்பு வைத்ததால், பிரீமிய விகிதம் அந்த வரம்பைக் கடக்கும் இடங்களில் மிகுதி முழுவதும் மாநிலத்தின் பொறுப்பாயிற்று. ஆகவே, மழை பொய்க்காத ஆண்டிலும் அரசாங்கம் குடியானவர் பொருட்டுச் செலவு செய்கிறது. அப்பணம் அவர் கைக்கு வாராது, அவருடைய பயிருக்குக் காவலாக நிற்கிறது. பதிவு செய்யாதவருக்கு அக்காவல் இல்லை.

இழப்பீடு கணக்கிடப்படும் முறையை ஒவ்வொரு ஊராட்சி உறுப்பினரும் அறிந்திருத்தல் வேண்டும். எளிய எடுத்துக்காட்டாகச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு வருவாய் கிராமத்தில் நெல்லுக்கு உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,000 கிலோ என்றும், காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்றும் கொள்வோம். குடியானவர் 1.5 சதவீதம், அதாவது 450 ரூபாய் செலுத்துகிறார். அவ்வாண்டு அக்கிராமத்தின் சராசரி மகசூல் 600 கிலோவாகக் குறைந்தால், குறைவு 40 சதவீதம். ஆகவே ஏக்கருக்கு 12,000 ரூபாய் இழப்பீடு. சராசரி 1,000 கிலோவை எட்டிவிட்டால் இழப்பீடு இல்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வறட்சியால் நேரும் இழப்புக்கு அளவீட்டின் அலகு தனி ஒருவரின் வயலன்று; கிராமம் முழுவதும் ஓர் அலகு. கண்மாயின் தலைமடையில் விளைந்து கடைமடையில் காய்ந்திருந்தால், கடைமடைக்காரருக்குத் தனியே கணக்கு இல்லை. ஊர்ச் சராசரி எதுவோ அதுவே அவருக்கும்.

அந்த ஊர்ச் சராசரி பயிர் அறுவடைப் பரிசோதனையால் கண்டறியப்படுகிறது. கிராமம் ஒன்றுக்கு, பயிர் ஒன்றுக்கு 4 பரிசோதனைகள் நடைபெறும். குலுக்கல் போன்ற முறையில் வயல்களைத் தேர்ந்து, நெல்லாயின் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள பரப்பை அளந்து, அதன் கதிரை அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுகின்றனர். நான்கு பரிசோதனைகளின் பரப்பையும் கூட்டினால் 100 சதுர மீட்டர். நம் வழக்கில் சுமார் இரண்டரை சென்ட். அந்த இரண்டரை சென்ட் நிலமே ஊரிலுள்ள நூற்றுக்கணக்கான ஏக்கருக்கும் இழப்பீட்டைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. அத்துணை முக்கியமான நாளில் ஊரார் எவரும் அங்கு இல்லாதிருப்பது முறையாகுமா?

உத்தரவாத மகசூல் என்பதும் இவ்வாறு பல ஆண்டுகள் எடுத்த கணக்கிலிருந்தே உருவாகிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியைக் கண்டு, அதில் 70, 80 அல்லது 90 சதவீதம் என அறிவிக்கப்பட்ட பங்கை எடுத்துக்கொள்வது முறை. அடிக்கடி வறட்சி கண்ட ஊரில் இந்தச் சராசரியே தாழ்ந்துவிடுவதால், நல்ல நீர்வளமுள்ள ஊரைவிட இழப்பீடு பெறுவது அரிதாகிறது. மானாவாரிப் பகுதிகளின் நியாயமான குறை இது. ஆயினும், இவ்வாண்டு இழப்பீடு மிகுதியாகக் கிடைக்கட்டும் என்று எடையைக் குறைத்து எழுதச் சொல்வோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று குறைத்து எழுதும் எண் நாளைய சராசரியில் சென்று அமர்கிறது. பின்னொரு வறட்சியில் ஊர் முழுவதற்கும் தொகையைக் குறைக்கிறது. உள்ளதை உள்ளபடி எடை போடச் செய்வதே ஊருக்கு நன்மை.

விதைப்பே பொய்த்த ஆண்டுகளுக்கும் இத்திட்டத்தில் இடம் உண்டு. கிராமத்தில் 75 சதவீதத்துக்கு மேற்பட்ட பரப்பில் விதைக்க முடியாமற்போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் வழங்கப்பட்டு அப்பருவத்தின் காப்பீடு முடிந்துவிடும். எனினும் உரிய காலத்தில் பிரீமியம் கட்டியவருக்கே அது கிடைக்கும். மழை வருமோ வாராதோ என்று காத்திருந்து இறுதி நாளைத் தவறவிடுவோருக்கு இவ்வாய்ப்பும் இல்லை.

பேரிடரின் பெயரால்

மூன்றாவது வழி, வறட்சியோ வெள்ளமோ பெருஞ்சேதம் விளைத்த காலத்தில் அரசாங்கம் அறிவிக்கும் இடுபொருள் மானியம். 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10-ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமுற்ற பயிர்களுக்கு உதவி அறிவிக்கப்பட்டது. நெல்லுக்கும் பிற பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய். நெல் நீங்கலான மானாவாரிப் பயிர்களுக்கு 3,000 ரூபாய். நீண்டகாலப் பயிர்களுக்கு 7,287 ரூபாய்.

5,465 என்னும் எண் எங்கிருந்து வந்தது? தேசியப் பேரிடர் நிவாரண விதிகளில் பாசனப் பயிருக்கு அப்போது ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என நிர்ணயம் செய்யப்பட்டிருந்தது. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் ஆதலின், வகுத்தால் ஏக்கருக்கு 5,465 ரூபாய் வருகிறது. 2022-ஆம் ஆண்டு இவ்விகிதம் பாசனப் பயிருக்கு 17,000 ரூபாயாகவும் மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 2015-க்கு முன் 50 சதவீதம் சேதம் இருந்தால்தான் உதவி என்றிருந்தது. அவ்வாண்டில்தான் அது 33 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

அதே 2016-17 பருவத்தில் காப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாகத் தமிழ்நாட்டுக் குடியானவருக்கு வழங்கப்பட்ட இழப்பீடு 3,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. நிவாரணமும் காப்பீடும் வெவ்வேறு என்பதையும், ஒன்றைப் பெறுவதால் மற்றொன்று இல்லாமற்போவதில்லை என்பதையும் அவ்வாண்டு பலருக்கு உணர்த்தியது. நிவாரணத்தில் சேதக் கணக்கை எடுப்பவர்கள் வருவாய்த் துறையினரும் வேளாண்மைத் துறையினரும் ஆவர். அவர்கள் கையில் வைத்திருப்பது அடங்கல். அடங்கலில் தரிசு என்று எழுதப்பட்ட வயலில் நெல் கருகியிருந்தாலும் அதற்குச் சேதம் எழுதுதல் கடினம்.

உழுபவர் யார்?

மேற்கூறிய வழிகள் அனைத்திலும் தீராத ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நிலம் ஒருவருடையது; உழவு மற்றொருவருடையது என்றால் உதவி யாருக்கு?

கௌரவ நிதித் திட்டத்தின் விடை தெளிவானது: நிலமுடையவருக்கே. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவருக்கு அதில் இடமில்லை. கோயில் நிலத்தை உழும் குத்தகைதாரரும் இத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறார். ஆனால் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம் என்று விதி உண்டு. அதற்குக் குத்தகை ஆவணமோ, கிராம நிர்வாக அலுவலர் அளிக்கும் சான்றோ வேண்டும். இவ்விடத்தில்தான் சிக்கல். 1955-ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரைக் காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுத்தது. 1969-ஆம் ஆண்டின் சட்டம் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் எழுத வழிசெய்தது. நல்ல நோக்கத்தோடு பிறந்த இச்சட்டங்களைக் கண்டு அஞ்சிய நிலமுடையோர் பலர், எழுத்தில் எதுவும் கொடாமல் வாய்மொழியாகவே குத்தகை விடலாயினர். ஆகவே, உண்மையில் உழுபவர் கணக்கில் காணப்படுவதில்லை. மழை பொய்த்தால் நட்டம் அவருக்கு. இழப்பீடு வந்தால் அது மற்றவருக்கு.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. அமெரிக்க நாட்டில் 1933-ஆம் ஆண்டு வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. விளைபொருள் விலை வீழ்ந்திருந்த காலமாதலால், பருத்தி முதலியவற்றின் பரப்பைக் குறைக்கும் பண்ணையாருக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. தென் மாநிலங்களில் வாரத்துக்கு உழுதோருக்கும் அதில் பங்கு உண்டு என்று விதி கூறிற்று. ஆனால் பணம் நிலமுடையவர் வழியாகவே சென்றதால், பலர் அப்பங்கைத் தாமே வைத்துக்கொண்டனர். பரப்புக் குறைந்ததால் உழுதோர் குடும்பங்கள் வெளியேற்றவும் பட்டன. 1934-இல் அர்க்கன்சா மாநிலத்தின் டைரன்சா என்னும் சிற்றூரில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றுகூடித் தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தை அமைத்தமைக்கு இதுவே காரணமாயிற்று.

நம் நாட்டிலும் இதற்கு வெவ்வேறு விடைகள் காணப்பட்டுள்ளன. தெலங்கானா 2018-இல் தொடங்கிய ரைத்து பந்து திட்டம் ஏக்கர் கணக்கில் நிலமுடையவருக்கே பணம் கொடுத்தது. அதே ஆண்டு இறுதியில் ஒடிசா அறிவித்த காலியா திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் வாரதாரரையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திரப் பிரதேசம் 2019-இல் பயிரிடுவோர் உரிமைச் சட்டம் இயற்றி, குத்தகைதாரருக்குச் சான்று அட்டை வழங்க முற்பட்டது. உழுபவரைக் கணக்கில் கொண்டுவருவது இயலாத காரியமன்று என்பதை இவை காட்டுகின்றன.

பட்டியல் பொய்த்தால்

உரியவர் விடுபடுவது ஒரு குறை. உரிமையற்றவர் நுழைவது மற்றொரு குறை. 2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் இந்த இரண்டாவது குறை பெரிய அளவில் வெளிப்பட்டது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில், நிலமே இல்லாதோர் பலர் கௌரவ நிதித் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தமை அவ்வாண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் தெரியவந்தது. கணினியில் விண்ணப்பங்களை ஒப்புக்கொள்வதற்குரிய கடவுச்சொற்கள் முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டிருந்தன. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட தகுதியற்றோர் பெயரில் ஏறத்தாழ 110 கோடி ரூபாய் சென்றதாக அரசாங்கமே அறிவித்தது. ஒப்பந்த ஊழியர் பலர் நீக்கப்பட்டனர். குற்றப்பிரிவு விசாரணை நடைபெற்றது. பணத்தைத் திரும்பப் பெறும் பணியும் தொடங்கியது.

இதன் துன்பம் ஏமாற்றியவரோடு முடியவில்லை. இடைத்தரகர் சொல்லை நம்பி ஆதார் எண்ணையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்த ஏழைகள் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட நேர்ந்தது. ஓர் ஊரின் பட்டியல் அவ்வூரிலேயே வாசிக்கப்பட்டிருந்தால், நிலமில்லாதவர் பெயர் அதில் இருப்பதை ஊரார் அன்றே கண்டிருப்பர். எழுதுபவர் தொலைவில் இருக்கிறார்; அறிந்தவர் ஊரில் இருக்கிறார். இருவரும் சந்திக்காத இடத்தில்தான் தவறு வளர்கிறது.

அமெரிக்காவில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்னும் தனியார் அமைப்பு, அரசாங்கத்தின் வேளாண் மானியம் பெற்றவர் பெயரையும் தொகையையும் மாவட்டவாரியாக எவரும் காணும்படி வெளியிட்டது. பெரும் பண்ணைகளுக்கே பெரும்பகுதி செல்கிறது என்பதை அதன் பின்னரே பொதுமக்கள் கண்ணால் கண்டனர். நம் நாட்டிலும் கௌரவ நிதி பெறுவோர் பட்டியல் கிராமவாரியாக அரசாங்கத்தின் இணையதளத்தில் வெளியிடப்பட்டது. அதனை எடுத்துப் படிக்க ஊரில் ஒருவர் முன்வர வேண்டியதே குறை.

ஊராட்சி ஆற்றக்கூடிய பணி

உதவித் தொகை வழங்குவது ஊராட்சியின் அதிகாரத்தில் இல்லை. ஆனால் உதவி உரியவரைச் சேரச் செய்வது பெரும்பாலும் ஊராட்சியின் முயற்சியில் இருக்கிறது. நாட்டரசன்கோட்டை பேரூராட்சியாதலின் அங்கு மன்றக் கூட்டம் உண்டு. சூழவுள்ள ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூட்டப்படுவது 2022 முதல் வழக்கமாயிற்று. அந்நாட்களை உழவுப் பருவத்தோடு இணைத்துக்கொண்டால் வேலை இலகுவாகும்.

மே மாதக் கூட்டத்தில் பட்டா மாற்றம் வேண்டுவோர் பட்டியலைத் தயாரித்து, வருவாய்த் தீர்வாயமாகிய ஜமாபந்தியில் மனுக்களை ஒருசேரக் கொடுக்கலாம். தனித்தனியே சென்று அலைவதைவிட ஊர் ஒன்றுகூடிச் செல்வதற்கு வலிமை மிகுதி. ஆகஸ்டுக் கூட்டத்தில் கௌரவ நிதி பெறுவோர் பெயர்ப் பட்டியலை உரக்க வாசித்து, விடுபட்டோரையும் தகாதோரையும் குறித்துக்கொள்ளலாம். பெயரும் ஊரும் போதும். ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ பலர் காண ஒட்டுதல் கூடாது.

அக்டோபர்க் கூட்டத்தின் பொருள் அடங்கலாகவும் காப்பீடாகவும் இருக்கட்டும். கிராமக் கணக்கு எண் 2 எனப்படும் அடங்கலில் எந்த வயலில் என்ன பயிர் எனக் கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார். இப்பணியைக் கைப்பேசிச் செயலி வாயிலாகச் செய்யும் முயற்சியும் நடந்துள்ளது. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்கள்கூட இதில் ஈடுபடுத்தப்பட்டனர். எவர் எழுதினாலும், எழுதியது சரியா என்று வயலுக்குரியவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்ய இறுதி நாள் பெரும்பாலும் நவம்பர் நடுவில் வருகிறது. சில ஆண்டுகளில் அது நீட்டிக்கப்பட்டதுண்டு. நீட்டிப்பை நம்பி இருத்தல் விவேகமன்று. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி, பொதுச் சேவை மையம் ஆகிய எதிலும் பதிவு செய்யலாம். சர்வே எண், பரப்பு, பயிர், வங்கிக் கணக்கு எண் ஆகிய நான்கையும் இரசீதில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓர் எண் மாறினாலும் ஓராண்டு உழைப்பின் ஈடு வேறிடம் செல்லும்.

குத்தகை நிலங்களைப் பொறுத்தவரை, விதைப்புக்கு முன்பே நிலமுடையவரையும் உழுபவரையும் ஊர்ப் பெரியோர் ஒருங்கே அமர்த்திப் பேசுதல் நலம். காப்பீட்டை யார் பெயரில் செய்வது, இழப்பீடு வந்தால் யாருக்கு என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். ஒரே பயிரை இருவரும் தனித்தனியே பதிவு செய்தால் இருவர் விண்ணப்பமும் சிக்கலுக்கு உள்ளாகும். முதல் போட்டு உழுபவருக்கே ஈடும் சேர வேண்டும் என்பது நம் நாட்டு நியாயம். அந்நியாயத்தை ஊர் எடுத்துச் சொன்னால் மறுப்போர் சிலரே.

தை மாதத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளை உதவி வேளாண்மை அலுவலரிடம் முன்னரே கேட்டறிந்து, ஊராட்சி சார்பில் இருவரேனும் உடனிருக்கலாம். அளந்த இடத்தையும் எடையையும் ஊராட்சிக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், பின்னர் ஐயம் எழும்போது பேசுவதற்கு ஆதாரம் இருக்கும். இழப்பீடு தாமதமானால் கேட்கவும் வழி உண்டு. காலக்கெடுவைக் கடந்து தாமதிக்கும் காப்பீட்டு நிறுவனம் 12 சதவீத வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும் என 2018-இல் விதி செய்யப்பட்டது. மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இவ்விவரங்களுடன் சென்றால் விடை பெறுவது எளிது.

முடிவாக

கண்மாயில் நீர் இருந்தும் மடை தூர்ந்துவிட்டால் வயலுக்கு நீர் பாயாது. மடையைத் தூர்வாருவது ஊரின் கடமை என்று நம் முன்னோர் குடிமராமத்தை ஏற்படுத்தினர். அரசாங்கத்தின் உதவித் தொகையும் அதுபோன்றதே. கஜானாவில் பணம் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது, இடையில் உள்ள மடை பட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு என்னும் மூன்று தாள்கள். அவை தூர்ந்து கிடந்தால் தலைமடைக்காரர் நனைவார், கடைமடைக்காரர் காய்வார், சில வேளைகளில் நீர் அயலார் வயலுக்கும் வழிந்தோடும்.

இவ்வாண்டு விதைப்புக்கு முன் ஒவ்வொரு குடியானவரும் தம் பட்டாவையும் அடங்கலையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். எழுதப் படிக்க அறியாத முதியவருக்கு ஊரின் இளைஞர் படித்துக் காட்டட்டும். பட்டாவில் பாட்டனார் பெயர் இருந்தால் மாற்றுவதற்கு இன்றே முயலட்டும். அடங்கலில் உழுபவர் பெயர் இல்லையெனில் ஊராட்சி அதனைக் கேட்கட்டும். உழவும் விதைப்பும் போலவே இதுவும் பருவத்தில் செய்ய வேண்டிய வேலை என்பதை நாம் உணர்ந்து நடப்போமாக.